வருஷம் முடியட்டும்

1

அப்பாவின் முதல் வருடத் திதிக்காகத் திருச்சிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், பல்கலைக்கழகத்தில் எனக்கு அடுத்த அறையில் இருக்கும் ஃபியோனா என் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் காப்பிக் கோப்பை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், தலையை மெல்ல அசைத்தாள், ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பி நடந்துவிட்டாள். நான் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடி, என்ன ஆயிற்று என்று கேட்டேன். சாவு சம்பந்தப்பட்ட காரியம் என்றால் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்று நான்தானே சொன்னேன், அதனால்தான் சொல்லாமல் போகிறாளாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதெல்லாம் பதினாறு முடிகிறவரைக்கும்தான், இப்போது தாராளமாக வழியனுப்பலாம் என்றேன். காப்பியைக் கீழே வைத்துவிட்டு வந்து கட்டிக்கொண்டாள்.

இந்த வழக்கம் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், எந்தக் குடையும் ஒரு குளிர்காலத்துக்கு மேல் தாங்காத ஒரு சிறு நகரத்தில் இருபது வருடங்களுக்கும் மேலாக இருக்கிறேன். உளவியல் பேராசிரியர். என் ஆராய்ச்சி துக்கத்தைப் பற்றியது. ஒருவர் இறந்த பிறகு மிஞ்சியிருப்பவர்கள் மனிதர்களை விட்டு எப்படி ஒதுங்குகிறார்கள், எப்போது திரும்பி வருகிறார்கள், யார் திரும்பி வராமலே போகிறார்கள் என்பதைத்தான் பார்க்கிறேன். விருந்துகளில் யாராவது என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டு நான் இதைச் சொன்னால், பழரசம் எடுத்து வருவதாகச் சொல்லிப் போய்விடுவார்கள். பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

சில வருடங்களுக்கு முன் ஃபியோனாவின் கணவர் இறந்தபோது அவள் வீட்டுக்குப் போனேன். நிறையப் பேர் வந்திருந்தார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்தேன், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நம் ஊரில் துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் யாரும் "போயிட்டு வரேன்" என்று சொல்வதில்லை. இன்னொரு தடவை இதே மாதிரி வருவேன் என்று சொன்னதாக ஆகிவிடும். எட்டு வயதில் பொன்மலையில் ஒரு சாவு வீட்டில் வாய் தவறி அப்படிச் சொல்லப்போய், அம்மா என் தொடையில் கிள்ளியது இன்னும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அந்த வழக்கம் உடம்போடு ஊறிவிட்டது.

பல மாதங்கள் கழித்து ஃபியோனா கேட்டாள். எல்லோரும் அன்றைக்கு வாசலில் நின்று அவளைக் கட்டிப்பிடித்து நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள், நான் மட்டும் ஏன் எழுந்து போய்விட்டேன், அவள் என்ன தப்பு செய்தாள் என்று கேட்டாள். எனக்குத் தலையில் யாரோ தட்டின மாதிரி இருந்தது. துக்க வீட்டில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை ஆராய்ந்தே சம்பளம் வாங்குகிறவள் நான். நான் எப்படி நடந்துகொண்டேன் என்பதை ஒருநாளும் கவனித்ததில்லை. விளக்கிச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, அப்படியென்றால் அன்றைக்கு வந்தவர்களில் நீதான் எனக்கு நல்லதை நினைத்தவள் என்றாள்.

2

என் ஆராய்ச்சியில் பாதி திருச்சிப் பக்கத்தில் நடந்தது. ஜீயபுரத்திலிருந்து உப்பிலியபுரம் வரைக்கும் துக்க வீடுகளுக்குக் கேள்வித்தாளோடு போயிருக்கிறேன். அதற்கு எங்கள் பல்கலைக்கழக எத்திக்ஸ் கமிட்டி அனுமதி தர வேண்டும். அவர்கள் முதலில் கேட்டது, பேட்டி தனியறையில், கதவு சாத்தி, வேறு யார் காதிலும் விழாமல் நடக்குமா என்பது. நடக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஊரை விட்டு வந்து ரொம்ப நாளாகியிருந்தது.

ஜீயபுரத்தில் வாழைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு வீடு. கணவரை இழந்த பெண்ணிடம் பேசப் போயிருந்தேன். அவர் உட்காருவதற்கு முன்பே அவருடைய நாத்தனார், ஓரகத்தி, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி எனக்கு விசிறக்கூட ஆரம்பித்தாள். அவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று எவ்வளவு பணிவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பணிவாகச் சொன்னேன். நாத்தனாருக்கு ஒன்றும் புரியவில்லை.

"தனியா என்னங்க கேக்கப் போறீங்க? எங்களுக்குத் தெரியாதது அவளுக்கு என்ன தெரியும்?"

கதவைச் சாத்த ஒரு வழியும் இல்லை. கேள்விகளைக் கேட்டேன். கணவர் இறந்த பிறகு விசேஷங்களுக்குப் போவதைத் தவிர்க்கிறீர்களா? முன்பு போய்வந்த இடங்களுக்குப் போகாமல் இருக்கிறீர்களா? எந்தக் கேள்வி கேட்டாலும் அந்தப் பெண் வாய் திறப்பதற்குள், வருஷம் முடியலையேங்க என்று மற்றவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள். நான் எல்லாவற்றுக்கும் "ஆம்" என்று குறித்துக்கொண்டேன். எங்கள் கணக்குப்படி இத்தனை ஆம் சேர்ந்தால் அந்தப் பெண்ணுக்குச் சிகிச்சை தேவை. அவரோ பேச்சு முடிந்ததும் எழுந்துபோய் எனக்கு மோர் கலக்கிக்கொண்டு வந்தார்.

இதை வைத்து ஒரு கட்டுரை எழுதினேன். ஒரு வருடம் வெளியே போகக் கூடாது என்று ஊர் சொல்வதால் போகாதவரையும், போகவே மனம் இல்லாமல் உள்ளே கிடப்பவரையும் எங்கள் கேள்விகளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை என்பதுதான் சாரம். ஒரு மாநாட்டில் வாசித்தபோது நன்றாகக் கைதட்டினார்கள். ஊருக்குப் போன் செய்து பெருமையாகச் சொன்னேன். கைதட்டினதெல்லாம் சரி, இப்ப அந்தம்மாவுக்கு நோய் இருக்கா இல்லையா என்று அப்பா கேட்டார். அது இன்னும் தெரியாது என்றேன். அப்பா சிரித்தார்.

3

அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். யூனியன் ஆள், சாமி கும்பிட மாட்டார். ஆனாலும் ஓய்வு பெற்றதும் அம்மா ஆசைப்பட்டாள் என்று ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு ஸ்ரீரங்கத்தில் மூன்றாவது மாடியில் ஒரு ஃபிளாட் வாங்கினார். தினமும் காலையில் அம்மா எதிர்வீட்டுக் கோமளா மாமியோடு தாயார் சன்னதிக்குப் போவாள், வரும்போது காய் வாங்கி வருவாள். கிளம்பும்போது கதவருகே நின்று, போயிட்டு வரேங்க என்பாள். அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், போயிட்டு வா என்பார். திரும்பி வரும்போது லிஃப்ட் சத்தம் கேட்டதுமே எழுந்துபோய்க் கதவைத் திறந்து வைப்பார். அம்மாவின் இரண்டு கையிலும் பை இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அம்மா சாவி வைத்துக்கொண்டதே இல்லை.

போன வருடம் ஒரு காலையில் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. எனக்காக மறுநாள் வரைக்கும் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்கு முந்தின நாளே என் விடுப்பு முடிந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் நான் கிளம்பும்போது அம்மா பால்கனிக்கு வந்து நின்று, கார் தெரு முனை திரும்புகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த முறை சாவு வீடு என்பதால் நான் சொல்லிக்கொள்ளவில்லை, அவளும் போயிட்டு வா என்று சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கி வந்து அண்ணாந்து பார்த்தேன். பால்கனியில் துணி மட்டும் காய்ந்துகொண்டிருந்தது. விமான நிலையம் போகும் வரைக்கும் அழுதேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பேசினோம். முன்பெல்லாம் பேசி முடிக்கும்போது, நான் ஏதோ அவள் வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டுக் கிளம்புகிற மாதிரி, சரி, போயிட்டு வா என்பாள். இப்போது பேச்சு தீர்ந்ததும் போன் நின்றுவிடும். சில சமயம் லைன் கட்டாகிவிட்டதோ என்று திரும்பக் கூப்பிட்டிருக்கிறேன்.

அம்மா கோயிலுக்குப் போகவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வருடம் கொடிமரத்தைத் தாண்டக் கூடாது என்பார்கள், அதனால் எனக்கு அது பெரிதாகப் படவில்லை. பிறகு காய் வாங்கப் போவது நின்றது, மாமி வாங்கிக் கொடுத்தார். கண்ணில் புரை வந்திருக்கிறது, டாக்டரிடம் போ என்றால் போகவில்லை. மொட்டை மாடிக்குக்கூட ஏறவில்லை. எதைக் கேட்டாலும் வருஷம் முடியட்டும் என்றாள். உப்பிலியபுரத்தில் இருக்கும் சித்தியும் அதையே சொன்னாள். வருஷம் ஆகட்டும், தானா வந்துடுவா என்று மாமியும் சொன்னார்.

நான் எழுதின கட்டுரை என் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. அவள் பேசப் பேச என் மனது தானாகவே "ஆம்" போட்டுக்கொண்டே போனது. இது வழக்கமா, வியாதியா? சொந்த அம்மாவைப் பற்றி எனக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது.

4

அம்மாவை இங்கேயே அழைத்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஊரில் எல்லோரும் கேட்டார்கள். வயதான பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள விசா என்று பெயருக்கு ஒன்று இருக்கிறது. அவர்களால் தங்கள் அன்றாட வேலையைத் தாங்களே செய்துகொள்ள முடியாது, ஊரில் பார்த்துக்கொள்ள ஆளும் கிடையாது, காசு கொடுத்தாலும் கிடைக்காது என்று சான்றுகளோடு காட்ட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதை எழுதிப் பார்த்தேன். என் அம்மாவை எவ்வளவு மோசமாகச் சித்திரிக்கிறேனோ அவ்வளவுக்கு அவள் என் பக்கத்தில் வந்து இருக்கலாம். ஆனால் அவள் தினமும் குளித்து, சமைத்து, மாமிக்கு ஒரு கிண்ணம் ரசமும் கொடுத்துவிடுகிறாள். பாதியில் மூடி வைத்துவிட்டேன்.

திதி என்றைக்கு என்று அலுவலகத்தில் சொல்வதும் அப்படித்தான். விடுப்பு கேட்டபோது, உங்கள் அப்பா இறந்த தேதி இது இல்லையே என்றார்கள். எங்களுக்குத் தேதி இல்லை, திதிதான், அது சந்திரனைப் பார்த்து வரும் என்றேன். அந்தப் பெண் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, அதைச் சாதாரண விடுப்பில் போட்டுவிட்டாள்.

என் மகள் யாழினிக்கு இதெல்லாம் வேறு உலகம். வேறு ஊரில் கல்லூரியில் படிக்கிறாள். வார இறுதிக்கு வந்து கிளம்பும்போது "பை" என்று ஒரு சத்தம் வரும், கதவு சாத்தும் சத்தம் வரும். போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுப் போ என்று சின்ன வயதிலிருந்து சொல்லிப் பார்த்துவிட்டேன். நான் திருச்சிக்குக் கிளம்பும் வாரத்தில் அதற்கு அவள் ஒரு பதில் சொன்னாள். எப்போது வருவேன் என்று தெரியாதபோது வருவேன் என்று ஏன் வாக்குக் கொடுக்க வேண்டும் என்றாள். இங்கிலீஷில்தான் சொன்னாள். திமிராகச் சொல்லவில்லை, நிஜமாகவே யோசித்துச் சொன்னாள். பிள்ளைகள் நம்மை விட்டு நகர்வது சண்டையில் தெரிவதில்லை, இந்த மாதிரி நியாயமான பேச்சில்தான் தெரிகிறது. எனக்கு வலித்தது.

5

ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபம் படித்துறையில் சித்தப்பா மகன் திதி கொடுத்தான். காவிரியில் நல்ல தண்ணீர். அம்மா வரவில்லை, வீட்டில் படையலுக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குப் பிடிக்கும் என்று வாழைப்பூ வடை, கத்தரிக்காய்க் காரக்குழம்பு. அவள் கை முன்பு போலவே ஓடியது. இதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

மறுநாள்தான் எல்லோரும் காத்திருந்த நாள். வருடம் முடிந்த வீட்டுப் பெண்ணைச் சொந்தக்காரர்கள் கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும். அதோடு விலக்கு எல்லாம் தீர்ந்தது என்று அர்த்தம். சித்தி உப்பிலியபுரத்திலிருந்து புதுப் புடவை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள், இலைப்பச்சையில் சின்னக் கரை போட்டது. மாமி குளித்துத் தயாராகி லிஃப்ட் பக்கத்தில் நின்றார். நான் புடவையை அம்மாவிடம் கொடுத்தேன். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை.

முட்டி வலிக்கிறது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றாள். சித்தி கெஞ்சினாள். ஆட்டோவில் கோயிலின் ரங்கா ரங்கா கோபுரம் வரைக்கும் போய் வாசலோடு திரும்பிவிடலாம் என்று நான் சொன்னேன். தலையை ஆட்டினாள். கடைசியில் மாமி உள்ளே வந்தார்.

"வருஷம்தான் ஆயிடுத்தே சரோஜா. இன்னும் என்ன?"

அம்மா புடவையின் மடிப்பைத் தடவிக்கொண்டிருந்தாள். மாமி என்னைப் பார்த்தார். ஒரு வருடமாக எல்லோர் கையிலும் இருந்த பதில் அந்த நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. சித்தி சாயங்காலம் பஸ் ஏறிப் போய்விட்டாள். எனக்கு அந்த வாரக் கடைசியில் விமானம்.

தில்லைநகரில் மனநல மருத்துவராக இருக்கும் ஜமீலாவுக்குப் போன் செய்தேன். பாலக்கரைப் பெண், கல்லூரியில் என்னோடு படித்தவள், பெருநாளுக்குப் பிரியாணி கொண்டுவந்து தருவாள், அம்மா கையால் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறாள். நான் என் சந்தேகங்களை எல்லாம் அடுக்கிக்கொண்டே போனேன். பாதியில் நிறுத்திவிட்டாள்.

"நீ சொல்றதெல்லாம் எனக்கு வேணாம் செல்வி. அம்மா வந்து சொல்லட்டும்."

அம்மா வர மாட்டாள் என்பதுதானே பிரச்சினை என்றேன். கேட்டுப் பார்த்தியா என்றாள். நான் கேட்கவில்லை. ஒரு வருடமாக அம்மாவிடம் கோயிலுக்குப் போனாயா, கடைக்குப் போனாயா, கண்ணைக் காட்டினாயா என்று கேட்டிருக்கிறேன். மனது எப்படி இருக்கிறது என்று நேராகக் கேட்டால் அவள் பயந்துவிடுவாள் என்று நினைத்திருந்தேன்.

6

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். முருங்கைக்கீரை ஆயும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அது எனக்கு வசதியாக இருந்தது. கேட்டேன். அவள் ஒரு கொத்தை முழுக்க உருவி முடித்த பிறகுதான் பேசினாள். முதலில் ஊருக்காகத்தான் போகவில்லையாம். தீபாவளி வரைக்கும் அப்படித்தான் இருந்ததாம். அப்புறம் அவளுக்கே போகப் பிடிக்கவில்லை. யாராவது கேட்டால் வருஷம் என்று சொன்னால் போதும், ஒருவரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை, அது நிம்மதியாக இருந்தது.

"வருஷம் முடிஞ்சா என்னடி சொல்றதுன்னுதான் பயந்துகிட்டே இருந்தேன். நீங்கல்லாம் எப்ப முடியும்னு காத்துக்கிட்டிருந்தீங்க. நான் முடியவே கூடாதுன்னு இருந்தேன்."

நான் எழுதின கட்டுரையில் இரண்டு விதமான மனிதர்கள் இருந்தார்கள், வழக்கத்துக்காகப் போகாதவர் ஒருவர், மனது கேட்காமல் போகாதவர் ஒருவர். ஒன்றில் ஆரம்பித்து இன்னொன்றுக்குள் யாருக்கும் தெரியாமல் நகர்ந்துபோகிறவரை நான் நினைத்துப் பார்க்கவில்லை. அம்மாவுக்கே எந்த நாளில் நகர்ந்தது என்று தெரியாது. ஊர் கொடுத்த ஒரு வருடம் அவளுக்கு நிழலாக இருந்தது நிஜம். அந்த நிழலில் அவளுக்கு என்ன நடக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்பதும் நிஜம். ஜீயபுரத்துப் பெண்ணை நினைத்துக்கொண்டேன். அவருக்குப் பதிலாக எல்லோரும் சொல்லிவிட்டார்களே, அவர் என்ன சொல்லியிருப்பார்?

போவதில் என்ன கஷ்டம் என்று கேட்டேன். கூட்டமா, கோயிலா, யாராவது ஏதாவது கேட்பார்கள் என்றா?

"போறதுல ஒண்ணும் இல்ல. திரும்பி வந்து பூட்டைத் திறக்கணுமே" என்றாள் அம்மா. ஒரு காம்பை ஒடித்துப் போட்டுவிட்டு, "போயிட்டு வரேன்னு சுவத்துகிட்டயா சொல்லிட்டுப் போறது?" என்றாள்.

அழுதாள். அப்பா போன பிறகு அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நானும் அழுதேன். கீரையெல்லாம் தரையில் சிதறிக்கிடந்தது. இத்தனை வருடப் படிப்பில் இந்த மாதிரி நேரத்துக்கு என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வாக்கியங்கள் எனக்கு நிறையத் தெரியும். அதில் ஒன்றுகூட வாயில் வரவில்லை, வராமல் போனதும் நல்லதுதான்.

அழுகை அடங்கியதும் ஜமீலாவைப் பற்றிச் சொன்னேன். யார், அந்தப் பிரியாணிப் பொண்ணா என்று கேட்டாள். ஆமாம், அவளேதான், உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள், நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். அம்மா மூக்கைச் சிந்திவிட்டு, சிதறின கீரையைக் கூட்டிச் சேர்க்க ஆரம்பித்தாள். போகிறேன் என்றாள். ஆனால் நான் வரக் கூடாதாம்.

"நீ பக்கத்துல உக்காந்திருந்தா நான் எப்படிப் பேசறது? அதையே நெனச்சு நீ பிளேன்ல அழுதுகிட்டே போவ. நீ வீட்ல இரு. வந்தா திறக்க ஆள் வேணும்."

தனியறை, கதவு சாத்தி, வேறு யார் காதிலும் விழாமல். கமிட்டிக்கு நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததைத்தான் அம்மா கேட்டாள்.

7

அடுத்த நாள் சாயங்காலம் கிளம்பினாள். பச்சைப் புடவையைக் கட்டவில்லை, பழைய ஊதாப் புடவைதான். போனில் ஆட்டோ வரவழைக்கிறேன் என்றதற்கு, ராஜகோபுரத்துப் பக்கத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் வரும், பொம்பளைங்களுக்கு டிக்கெட் கிடையாது, எதற்கு ஆட்டோ என்றாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அங்கிருந்து ஆட்டோ பிடித்துக்கொள்வாளாம். ஒரு வருடமாகக் காவிரிப் பாலத்தைத் தாண்டாதவள், கண்ணில் புரை வேறு, பஸ்ஸில் தனியாகப் போகிறேன் என்கிறாள். ஜமீலாவின் விலாசத்தைப் பெரிய எழுத்தில் எழுதி அவள் பையில் வைத்தேன்.

கதவருகே போய் நின்றாள். செருப்பை மாட்டினாள். பையைத் தோளில் போட்டாள். பிறகு பழக்கத்தில் அப்பாவின் நாற்காலிப் பக்கம் திரும்பினாள். அங்கேதான் நான் உட்கார்ந்திருந்தேன்.

"போயிட்டு வரேன்" என்றாள்.

"போயிட்டு வாம்மா."

வாழ்நாள் முழுக்க அதை நான் சொல்லி அவள் பதில் சொல்லித்தான் பழக்கம். பால்கனிக்கு ஓடினேன். அவள் தெருவில் ஓரமாக, சுவரைப் பிடிக்காமல், மெதுவாக நடந்து முனை திரும்புகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. விளக்கு வைத்த பிறகு லிஃப்ட் சத்தம் கேட்டது. அழைப்பு மணி அடிப்பதற்கு முன்பே போய்த் திறந்தேன். அம்மாவின் இரண்டு கையிலும் பை. வரும் வழியில் பிஞ்சுக் கத்தரிக்காய் பார்த்தாளாம், விடுவாளா?

உள்ளே என்ன பேசினார்கள் என்று அவளும் சொல்லவில்லை, ஜமீலாவும் சொல்லவில்லை. என் பேஷண்ட்டைப் பற்றி உன்னிடம் பேச மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். நானும் மாணவர்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன் என்பதால் சண்டை போட முடியவில்லை. வாராவாரம் வரச் சொல்லியிருக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது. கிளம்புவதற்கு முன் அம்மாவுக்குத் தனியாக ஒரு சாவி செய்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், ஆனால் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். அந்தப் பார்வை விமானத்திலும் கூடவே வந்தது. நான் இருந்தேன், போனாள். நான் இல்லாத வாரம் போவாளா?

இங்கே வந்த அடுத்த வாரம், எத்திக்ஸ் கமிட்டிக் கூட்டத்தில் இருந்தேன். இப்போது நானும் அதில் ஓர் உறுப்பினர். யாரோ ஒருவருடைய ஆராய்ச்சியில் தனியறை இருக்கிறதா இல்லையா என்று பேசிக்கொண்டிருந்தபோது என் போன் அதிர்ந்தது. அம்மா வாரநாளில் கூப்பிட மாட்டாள். யாரையும் கேட்காமல் எடுத்துவிட்டேன்.

"வெளியில நிக்கிறேன். பூட்டிட்டேன்" என்றாள். "போயிட்டு வரேன்."

"போயிட்டு வாம்மா" என்று சத்தமாகவே சொன்னேன். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்த ஃபியோனா மட்டும் குனிந்து புன்னகைத்தாள். அந்த வார்த்தைக்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும்.

கூட்டம் முடிந்தது. மதியச் சாப்பாட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரித்தது ஆறியது. மறுபடி அம்மா கூப்பிட்டபோது ஹலோகூட வரவில்லை, போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். மாடிப்படியில் யாரோ செருப்புச் சத்தத்தோடு இறங்கினார்கள். பை கீழே வைக்கப்பட்டது. சாவி பூட்டைத் தேடியது, ஒருமுறை தவறியது, மறுபடி தேடியது. பிறகு பூட்டு திறக்கும் சத்தமும், எனக்குத் தெரிந்த அந்தக் கதவின் முனகலும் கேட்டன.

"வந்துட்டேன்" என்றாள் அம்மா.